அங்காடிக் கூரை: திருவண்ணாமலை வாயிற்கடையும் சென்னை மூர் அங்காடியும்

திருவண்ணாமலைத் திருக்கோயிலின் கீழைக் கோபுரத்தை நாடி வருவோர் கண்ணிற்கு முதற்கண் தோன்றுவது கோபுரம். காலடிக்கு முதற்கண் எதிர்ப்படுவன கடைகள். பூமாலை, தேங்காய், கற்பூரம், நெய்விளக்கு, உருத்திராக்கம், பொரிகடலை, பித்தளைச் சிறுபாண்டம், படம் என இவற்றை விரித்து வைத்திருப்போர் நடுவே வழிகண்டு நடந்த பின்னரே பதினாறுகால் மண்டபத்தையும், அதன் பின்னர்ப் பதினொரு நிலையும் 217 அடி உயரமும் உடைய இராசகோபுரத்தையும் அணுகுதல் கூடும். கிருட்டிணதேவராயர் காலத்தில் (1509–1529) தொடங்கிப் பின்னர்த் தஞ்சைச் செவ்வப்ப நாயக்கரால் நிறைவெய்திய அக்கோபுரத்தைப் பற்றி எழுதியோர் பலர். அதன் அடியிலுள்ள கடைகளைப் பற்றி எழுதியோர் சிலரே. கோயிலையும் ஊரையும் ஒருங்கே ஆராய்ந்து பிரெஞ்சு ஆராய்ச்சியாளர் 1989, 1990ஆம் ஆண்டுகளை ஒட்டி வெளியிட்ட தொகுதிகள் இக்குறையை ஓரளவு நீக்கின எனலாம்.

கடை என்னும் சொல்லையே முதலில் நோக்குவாம். பழந்தமிழில் இச்சொல்லுக்கு வாயில் என்பது பெருவழக்கான பொருள். நெடுங்கடை, தலைக்கடை, புறங்கடை என்னும் ஆட்சிகளில் அது வாயிலையே குறிக்கும். புரவலனைப் பாடிச் செல்லும் பாணர் நிற்கும் இடம் அவனது நெடுங்கடையே. விற்பனைச் சாலை என்னும் பொருளும் இச்சொல்லுக்கு உண்டு. இன்று அப்பொருளே நிலைத்துவிட்டது. வாயிலில் வைத்து விற்றமையால் வாயிலின் பெயரே விற்பனையிடத்திற்கு ஆகிவந்திருக்கலாம் என்பது எம் கருத்து. இதனை முடிந்த முடிபாக யாம் கூறவில்லை. ஆயினும் திருவண்ணாமலைக் கீழைவாயிலில் ஒரு நாட்காலை நிற்பவர்க்கு இக்கருத்து வலிந்து கொண்டதாகத் தோன்றாது.

2023ஆம் ஆண்டில் இவ்வாயில் ஒரு வழக்கிற்குக் களமாயிற்று. இராசகோபுரத்தின் எதிரே அறநிலையத்துறையின் சார்பில் வணிக வளாகம் ஒன்று எழுப்ப முற்பட்டபோது, கோபுரத்தின் தோற்றமும் அடியார் செல்லும் வழியும் அதனால் கெடும் என்னும் முறையீடு சென்னை உயர்நீதிமன்றத்தை எட்டியது. பணியும் இடையில் நின்றது. அவ்வழக்கின் சட்ட நெறி எம் ஆராய்ச்சிக்குப் புறம்பானது. ஆயினும் அது எழுப்பும் வினா பழமையானது. அழகுபடச் சமைத்த ஒரு கட்டடமும், அன்றாட வாணிகமும் ஒரு கூரையின்கீழோ ஒரே முற்றத்திலோ நெடுநாள் கூடி வாழ இயலுமா? தமிழ்நாட்டில் இவ்வினாவிற்கு விடையாக எழுந்து, எண்பத்தைந்து ஆண்டு வாழ்ந்து, எரிந்து மறைந்த கட்டடம் சென்னை மூர் அங்காடியாகும். மக்கள் வழக்கில் அது மூர் மார்க்கெட்டு. அதன் வரலாற்றையும், அதற்கு முன்னோடியாக இந்நாட்டில் நின்ற மண்டபக் கடைகளின் வரலாற்றையும் இணைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

அங்காடி தமிழர்க்குப் புதிதன்று. பகலில் நிகழ்வதை நாளங்காடி என்றும் இரவில் நிகழ்வதை அல்லங்காடி என்றும் மதுரைக்காஞ்சி பிரித்துக் காட்டும். சிலப்பதிகாரம் புகார் நகரின் இரு பாக்கங்களுக்கு நடுவே, மரங்களடர்ந்த வெளியில் நாளங்காடியை அமைத்துக் காட்டும். அங்கே மரநிழலே கூரை. சோழர் காலத்திற்கு வருங்கால், தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுகள் திரிபுவனமாதேவிப் பேரங்காடி என்பதொன்றைக் குறிக்கின்றன. அரசியின் பெயர் பூண்டு, கோயிலின் பொருளைக் கடனாகப் பெற்று அதற்கு வட்டி செலுத்தும் வணிகரைக் கொண்டிருந்த அங்காடி அது. பெயரும் பொறுப்பும் கல்லில் உள. அதன் கட்டட வடிவத்தைக் கல்வெட்டுக் கூறவில்லை. கன்னடத்திலும் மலையாளத்திலும் அங்காடி என்னும் சொல் இன்றும் வாழ, தமிழில் அது செய்யுள் வழக்காகக் குன்றியதும், பசார், சந்தை, மார்க்கெட்டு என்பன அதன் இடத்தைப் பற்றிக்கொண்டதும் தனியே ஆராயத்தக்கன.

அழகிய கூரையின்கீழ்க் கடை என்பது இந்நாட்டில் எவ்வாறு தோன்றியது? எம் விடை இது: கோயில் மண்டபமே தமிழ்நாட்டின் முதற் கூரையங்காடி. இதற்குக் காரணம் மண்டபத்தின் இயல்பிலேயே உள்ளது. பெருமண்டபங்கள் பல ஆண்டில் ஒருசில நாள்களுக்காக எழுப்பப்பட்டவை. திருவண்ணாமலை ஆயிரக்கால் மண்டபம் திருவாதிரைத் திருமஞ்சனம் போன்ற விழா நாள்களில்தான் தன் முழுப்பயனை அடைகின்றது. ஏனைய நாள்களில் அது தூண்களும் நிழலுமாக வாளா நிற்கும். வெயிலும் மழையும் மிக்க நாட்டில், மக்கள் நாள்தோறும் வந்து போகும் வழியில், ஆளற்று நிற்கும் கற்கூரையைக் கண்டும் அதன்கீழ் ஒரு துணியை விரியாத வணிகன் உளனாயின் அவன் வணிகன் அல்லன்.

இதற்குத் தலைசிறந்த சான்று மதுரைப் புதுமண்டபம். திருமலை நாயக்கர் (1623–1659) சொக்கநாதர்க்கு வைகாசி வசந்த விழா எடுத்தற்பொருட்டு, மீனாட்சியம்மன் கோயிலின் கீழைக் கோபுரத்திற்கு எதிரே இதனைக் கட்டுவித்தார். வசந்த மண்டபம் என்பது அதன் பிறிதொரு பெயர். நீளம் 333 அடி. அகலம் 105 அடி. வேனிலின் வெம்மை தணியச் சுற்றிலும் நீர் நிறுத்தும் அகழி அமைத்தனர். நடுவழியின் இருமருங்கும் விசுவநாதர் முதல் திருமலை நாயக்கர் ஈறாக நாயக்க மன்னர் பதின்மர் சிலைவடிவில் நிற்கின்றனர். 1792ஆம் ஆண்டில் மதுரைக்கு வந்த ஓவியர்களான தாமசு, வில்லியம் டேனியல் இருவரும் இம்மண்டபத்தை வரைந்தனர். அவ்வோவியங்களின் வழியே ஐரோப்பியர் பலர் தென்னாட்டுச் சிற்பத்தை அறிந்தனர். ஏறத்தாழ நானூறு ஆண்டு ஆகியும் அது புதுமண்டபமாகவே இருப்பது மதுரையார் பெயரிட்ட திறம்.

ஓவியர் கண்டது சிற்பம். மதுரை மக்கள் கண்டது கடை. தையற்பொறிகளின் ஓசையும், அம்மன் பாவாடைத் துணியும், வளையலும், பித்தளைப் பாத்திரமும், புத்தகமும் நிறைந்த அங்காடியாகவே தலைமுறை தலைமுறையாக அதனை அவர்கள் அறிந்தனர். யாளித் தூணிற்கும் மன்னன் சிலைக்கும் இடையே தையற்காரர் இருப்பர். அளவு கொடுத்துக் கோயிலுக்குட் சென்று மீள்வோர்க்கு உடை ஆயத்தமாயிருக்கும். தமிழாராய்ச்சியார்க்கு இம்மண்டபத்தில் தனி உரிமையுண்டு. அல்லியரசாணி மாலை, பவளக்கொடி மாலை முதலிய பெரிய எழுத்துப் பதிப்புகள் விற்ற கடைகள் இங்கே இருந்தன. புதுமண்டபம் என்பது பழைய மதுரைப் பதிப்புகளில் முகவரியாக அச்சேறிய சொல். கல்லிலும் சொல்லிலும் ஒருங்கே பதிவாகிய அங்காடி வேறொன்று தமிழ்நாட்டில் உண்டாயின் அதனை யாம் அறியோம்.

ஐரோப்பாவில் இதனையொத்த வளர்ச்சி காலத்தாற் பிற்பட்டது. பாரிசு நகரின் கண்ணாடிக் கூரையிட்ட கடைவழிகள் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் தோன்றின. இலண்டனில் பர்லிங்டன் கடைவழி 1819இல் திறக்கப்பட்டது. இத்தாலியின் மிலான் நகரில் மெங்கோனி என்பார் அமைத்த, மன்னன் இரண்டாம் விக்டர் இம்மானுவேலின் பெயர் பூண்ட பெருங்கடைவழி 1877இல் முற்றுப்பெற்றது. அவ்வாண்டின் இறுதியில் அக்கட்டடத்தின் சாரத்திலிருந்து விழுந்து மெங்கோனி மாண்டார். அங்கெல்லாம் இரும்பும் கண்ணாடியும் புதுமை. மழையும் சேறும் படாது உலாவி வாங்கும் செல்வர்க்கென அவை எழுந்தன. இந்தியாவிற்கு அவ்வடிவம் அப்படியே வரவில்லை. இங்கு வந்தது நகராண்மையின் அங்காடி. தெருவோரச் சந்தையின் நெரிசலையும் அழுக்கையும் ஒழித்து, இறைச்சியும் மீனும் காய்கறியும் கழுவித் துடைக்கக்கூடிய ஒரு தளத்தில் விற்கச் செய்தல் அதன் நோக்கம். நகராண்மை அலுவலரின் பெயர் அதற்குச் சூட்டப்படுதல் மரபாயிற்று. பம்பாயில் வில்லியம் எமர்சன் வகுத்த அங்காடி 1869இல் எழுந்தபோது நகராண்மை ஆணையர் ஆர்தர் கிராபோர்டின் பெயரைப் பெற்றது. கல்கத்தாவில் 1874இல் திறந்த புதிய அங்காடிக்கு நகராண்மைத் தலைவர் சுடூவர்ட் ஆக்கின் பெயர் பின்னர் வழங்கலாயிற்று. சென்னையின் முறை இருபத்தைந்து ஆண்டு கழித்து வந்தது.

சென்னைக் கறுப்பர் நகரில் பிராட்வே என்னும் தெருவை வகுத்த வழக்கறிஞர் சுடீபன் பாப்பம் பெயரால் அங்கே ஒரு சந்தை இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அது நகரின் பெருக்கத்திற்குப் போதாததாயிற்று. அதற்கு மாற்றாக, நடு இரயில் நிலையத்தை அடுத்து, மக்கள் பூங்காவின் ஒரு பகுதியில் புதிய அங்காடி அமைத்தல் மாநகராட்சித் தலைவர் சர் சியார்சு மூர் என்பவரின் முயற்சி. 1898ஆம் ஆண்டில் அவரே கால்கோளிட்டார். ஆர். ஈ. எல்லிசு வகுத்த அமைப்பின்படி ஏ. சுப்பிரமணிய ஐயர் கட்டி முடித்தார். 1900ஆம் ஆண்டில் ஆளுநர் சர் ஆர்தர் ஆவ்லாக்கு திறந்து வைத்தார். வகுத்தவர் பெயரையும் நிறுவியவர் பெயரையும் கூறுவோர் பலர். கட்டியவர் பெயரையும் சேர்த்துக் கூறுவது முறை.

கட்டடம் செங்கல்லாலானது; இந்தோ-சாரசனிய முறையைச் சார்ந்தது. நடுவே முற்றம், அதனைச் சுற்றி நாற்புறமும் வளைவுகளையுடைய தாழ்வாரம், அத்தாழ்வாரங்களில் கடை வரிசை. சேப்பாக்கத்திலும் உயர்நீதிமன்றத்திலும் ஆங்கிலப் பொறியாளர் பயின்ற அம்முறை, முகலாயர் வளைவையும் உள்நாட்டு அணியையும் ஐரோப்பியத் தரைப்படத்தின்மீது போர்த்தது. அரண்மனைக்கும் அலுவலகத்திற்கும் உரியதெனக் கருதப்பட்ட கோலத்தைக் கத்தரிக்காய்க்கும் கோழிக்கும் அளித்தமை மூர் அங்காடியின் சிறப்பு என்பது எம் துணிபு. அண்ணாசாலையில் 1895இல் பாக்சன் என்பார் வகுத்த ஸ்பென்சர் கடையும் அம்முறையினதே. ஆயினும் அது ஒரு வணிக நிறுவனத்தின் உடைமை. உள்ளே செல்வோர் உடையையும் மொழியையும் அதன் வாயில் நோக்கியது. மூர் அங்காடியின் வாயில் ஒருவரையும் நோக்கவில்லை. பக்கத்தே இரயில் நிலையம்; பின்னர் 1913இல் எழுந்த ரிப்பன் மாளிகை; விக்டோரியா பொதுமன்றம்; மக்கள் பூங்காவில் 1985 வரை இருந்த விலங்குக் காட்சிச்சாலை. வெளியூரிலிருந்து வந்து வண்டியிறங்கும் குடும்பம் ஒரு பகற்பொழுதில் இவ்வனைத்தையும் காணலாம். திருவண்ணாமலையிலிருந்து காட்டுப்பாடி வழியாகச் சென்னை வருவோரும் இறங்கும் நிலையம் அதுவே.

இறைச்சியும் காய்கறியும் பூவுமாகத் தொடங்கிய அங்காடி நாளடைவில் தன் உருவை மாற்றிக்கொண்டது. காய்கறி மொத்த வாணிகம் கொத்தவால்சாவடியிலேயே தங்கிற்று. 1996இல்தான் அது கோயம்பேட்டிற்குப் பெயர்ந்தது. மூர் அங்காடியில் பழம்பொருளும், வளர்ப்புப் பறவையும், இசைத்தட்டும், பொம்மையும், துணியும், பழைய புத்தகமும் பெருகின. அங்குக் கிடைக்காத பொருள் உலகில் இல்லை என்று சென்னையார் வேடிக்கையாகக் கூறுவர். வேடிக்கை ஒருபுறம் இருக்க, நகராண்மை வகுத்த பயனை வணிகர் மெல்ல மாற்றிய நிகழ்ச்சி இது. திட்டமிட்டோர் தூய்மையை நாடினர். வந்தோர் பழமையை நாடினர். புதுமண்டபத்தில் விழாக்கூரை கடையானது போல், இங்கு இறைச்சிக்கூரை புத்தகக் கடையானது. கூரை யாருடையதாயினும் அதன் பயனை முடிவு செய்வோர் அதன்கீழ் அமர்வோரே என்பதற்கு இவ்விரண்டையும் விடச் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டா.

பழைய புத்தகக் கடைகளைப் பற்றிச் சிறிது விரித்துரைத்தல் தகும். ஏனெனில் தமிழாராய்ச்சிக்கும் அங்காடிக்கும் உள்ள உறவு இங்கேதான் நெருக்கமானது. ஒரு புலவர் மறைவார். சில ஆண்டுகளில் அவர் மக்கள் வீடு மாற்றுவர். ஏட்டுச்சுவடியும் அச்சு நூலும் எடைக்குப் போகும். எடைக்கு வாங்கியவரிடமிருந்து பொறுக்கி எடுப்போர் உளர். அவர்களிடமிருந்து வாங்கும் கடைக்காரர் உளர். தாளின் எடைக்கும் நூலின் விலைக்கும் இடையே உள்ள வேற்றுமையே கடைக்காரரின் ஊதியம். அவ்வேற்றுமையை அறியும் பொருட்டு அவர் நூலின் முதற்பதிப்பு ஆண்டையும், பதிப்பாசிரியர் பெயரையும், அச்சகத்தையும், யார் எந்நூலைத் தேடித் திரிகின்றார் என்பதையும் நினைவில் வைத்திருத்தல் வேண்டும். பட்டம் பெறாத நூற்பட்டியலாசிரியர் என்று அவரைக் கூறுதல் மிகையன்று. மாணவன் பாடநூலைப் பாதி விலைக்கு வாங்கினான். ஆண்டு முடிந்ததும் அங்கேயே விற்றான். பேராசிரியன் வேறெங்கும் காணாத பதிப்பை அங்கே கண்டு, கண்டதை முகத்திற் காட்டாது விலை கேட்கப் பழகினான். முகத்தைப் படிக்கக் கடைக்காரரும் பழகியிருந்தார்.

இங்கு ஒன்று கருதுதற்குரியது. 1867ஆம் ஆண்டின் அச்சகப் பதிவுச் சட்டத்தின்படி அரசிடம் பதிவான நூல்களை அக்காலத்துக் காலாண்டுப் பட்டியல்களினின்று அறியலாம். கன்னிமாரா நூல்நிலையம் 1896 முதல் நூல்களைப் பேணி வருகின்றது. ஆனால் ஓரணா, அரையணா விலையில் வந்த பாட்டுப் புத்தகங்களும், கொலைச் சிந்துகளும், இரயில் விபத்துப் பாடல்களும், நாடக மேடைப் பாட்டுச் சுவடிகளும் பட்டியலுக்கும் நூல்நிலையத்திற்கும் பெரும்பாலும் தப்பியவை. சென்னைக் குசிலிக் கடைத்தெருவில் விற்றமையால் அவை குசிலிப் பாடல்கள் எனப் பெயர் பெற்றன. விற்ற இடத்தின் பெயரையே ஓர் இலக்கிய வகை தாங்கியமை நம் இலக்கிய வரலாற்றில் அரிய செய்தி. ஆ. இரா. வேங்கடாசலபதி அவற்றைத் தொகுத்தாராய்ந்த தம் நூலுக்கு முச்சந்தி இலக்கியம் என்று பெயரிட்டதும் இடம் நோக்கியே. இத்தகைய தாள்கள் தங்குமிடம் பழைய புத்தகக் கடையன்றிப் பிறிதில்லை. அக்கடைகளுக்குப் பட்டியல் இல்லை. கடைக்காரரின் நினைவே பட்டியல்.

1985ஆம் ஆண்டு மே திங்கள் 30ஆம் நாள் மூர் அங்காடி எரிந்தது. இரயில் நிலையத்தின் விரிவிற்கு அவ்விடம் வேண்டப்பட்டிருந்த காலம் அது. தீயைப் பற்றி அந்நாளில் மக்கள் பலவாறு பேசினர்; பேச்சைச் சான்றாகக் கொள்ளுதல் ஆராய்ச்சி முறையன்று. நின்ற சுவர்களும் பின்னர் இடிக்கப்பட்டன. அவ்விடத்தில் புறநகர் வண்டிகளின் நிலையமும் முன்பதிவு நிலையமும் எழுந்தன. நிலையத்தருகே அங்காடியின் சிற்றுருவம் ஒன்று நினைவாக வைக்கப்பட்டது. கடையிழந்தோர் அல்லிக்குளம் வளாகத்தில் அமர்த்தப்பட்டனர். எரிந்த கட்டடத்தின் அளவும் அமைப்பும் நிழற்படங்களிற் கிடைக்கும். எரிந்த தாளின் பெயர்கள் எங்கும் கிடையா. கட்டடக் கலைஞர் இழந்தது ஒன்று. தமிழ் மாணவர் இழந்தது எண்ணில் அடங்காதது என்பதை உணர்ந்தார் அந்நாளிற் சிலரே. கட்டடத்திற்காக எழுந்த இரங்கல் உரைகளில் புத்தகத்தைக் குறித்தவற்றை எண்ணிவிடலாம்.

கல்கத்தா அங்காடியின் ஒரு பகுதியும் அதே 1985ஆம் ஆண்டில் தீக்கிரையாயிற்று. அங்கே எஞ்சிய பழங்கட்டடத்தைக் காத்து, எரிந்த பகுதியில் புதுக்கட்டடம் எழுப்பி, வாணிகத்தை அவ்விடத்திலேயே நிறுத்தினர். சென்னையில் கட்டடம் ஒருபுறமும் வணிகர் மற்றொருபுறமும் பிரிந்தனர். ஸ்பென்சர் கட்டடம் 1983இல் எரிந்தபின் அவ்விடத்திலேயே பெரிய வணிக வளாகம் எழுந்தது. உடைமையாளர் ஒருவராயிருந்தமை அதற்குத் துணையாயிற்று போலும். பலர் வாடகைக்கு இருக்கும் கூரை எரிந்தால், மீளக் கட்டுமாறு கேட்க உரிமையுடையார் எவர் என்பது எளிதில் விடை கூற இயலாத வினா. வாடகைச் சீட்டு நிலத்தைப் பற்றியதன்று, நாளைப் பற்றியது.

மண்டபக் கடைகளின் வரலாற்றிலும் தீ குறுக்கிட்டது. 2018ஆம் ஆண்டு பெப்ருவரி 2ஆம் நாள் இரவில், மதுரை மீனாட்சியம்மன் கோயிலின் கீழைப்புறத்துக் கடைகளில் எழுந்த தீயால் வீரவசந்தராயர் மண்டபத்தின் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. கருங்கல் எரியாது என்று எண்ணியிருந்தோர்க்கு அந்நிகழ்ச்சி ஒரு பாடம். கல் எரியாது, ஆனால் கடும் வெம்மையில் வெடித்துப் பிளக்கும், தூண் பிளந்தால் உத்திரமும் கூரைக்கல்லும் ஒருங்கே வீழும். துணியும் நெகிழியும் கற்பூரமும் எண்ணெயும் நிறைந்த கடைகள் தூணோடு தூணாக ஒட்டியிருத்தலின் தீங்கு அன்றுதான் அரசினர் கண்ணிற் பட்டது. அதன் பின்னர்த் தமிழ்நாடெங்கும் கோயிலுட் கடைகளை அகற்றும் ஆணை பிறந்தது. புதுமண்டபத்து வணிகரும் அருகே புதிதாகக் கட்டிய குன்னத்தூர்ச் சத்திரத்திற்கு மாற்றப்பட்டனர். மண்டபத்தை விட்டுச் சத்திரத்திற்குச் சென்றமை ஒரு கூரைவிட்டு மறு கூரை புகுந்ததே. இரண்டும் ஒரு காலத்து அறத்தின் பெயரால் எழுந்தவை. கடைகள் நீங்கியபின் தூண்களின் சிற்பத்தைத் தடையின்றிக் காணலாம் என்பது மறுக்கவொண்ணா நன்மை. தையற்பொறி ஓய்ந்த மண்டபத்தில் நாயக்க மன்னர் பதின்மரும் தனித்து நிற்பது வேறொன்று. அதனை நன்மை என்றோ தீமை என்றோ யாம் வகைப்படுத்த முற்படவில்லை.

இப்பின்னணியில் திருவண்ணாமலைக்கு மீள்வாம். இவ்வூரில் மூர் அங்காடியை ஒத்த அணிபெற்ற கூரையங்காடி எழவில்லை. அதற்கு ஊரின் வாணிக முறையே காரணம் என்று கருதுகிறோம். திருவண்ணாமலையின் பெருவாணிகம் நாள்தோறும் நிகழ்வதன்று; விழாவைப் பற்றி நிகழ்வது. கார்த்திகைத் தீபத்தை ஒட்டிக் கூடிய மாட்டுச்சந்தை நாடறிந்தது. மாட்டிற்குக் கூரை வேண்டா, வெளி வேண்டும். நிறைமதி நாள்களில் ஏறத்தாழ 14 கிலோமீட்டர் மலைவலம் வருவோர்க்கு விற்போர் வழிநெடுகிலும் பரவுவர். நடக்கும் கூட்டத்திற்கு நிற்கும் அங்காடி பயன்படாது. எஞ்சியவை கோயிலைச் சூழ்ந்த தெருக்கள். கடலைக்கடை மூலை என்பது இவ்வூர்ச் சந்திப்பு ஒன்றின் பெயராகவே நிலைத்தது. அரசன் பெயரோ அலுவலன் பெயரோ இன்றி, விற்ற பொருளின் பெயரால் ஓரிடம் வழங்குவது அங்காடி தன்னைத் தானே பெயரிட்டுக்கொண்டதாகும். தெருவே அங்காடியாக உள்ள ஊரில், கோபுரத்தின் எதிரே ஒரே கூரையின்கீழ்க் கடைகளைத் திரட்ட முற்பட்டபோது 2023இல் எதிர்ப்பு எழுந்தமை வியப்பன்று. அவ்வெதிர்ப்பில் கோபுரத்தின் தோற்றத்தைப் பேசியோர் இருந்தனர். வாயிலில் விற்று வாழ்வோர் இடத்தைத் தனியே பேசியோர் அவ்வளவாக இல்லை.

ஆராய்ச்சியாளர் செய்யத்தக்க பணி ஒன்று எஞ்சியுள்ளது. அது பெரும்பொருட் செலவு வேண்டாதது. பல்கலைக்கழக நூல்நிலையங்களிலும் தனியார் தொகுப்புகளிலும் உள்ள பழைய தமிழ் நூல்களின் உள்ளட்டையில் பழைய புத்தகக் கடைகளின் மைமுத்திரையும், பென்சிலால் எழுதிய விலையும், முன்னை உடையவரின் கையொப்பமும் காணப்படும். நூற்பட்டியல் வகுப்போர் ஆசிரியர், பதிப்பு, ஆண்டு ஆகியவற்றை எழுதி, இவற்றை எழுதாது விடுகின்றனர். கட்டடம் செய்யும்போது முத்திரையுள்ள தாளையே கிழித்தெறிவதும் உண்டு. இம்முத்திரைகளைத் தொகுத்தால் மூர் அங்காடிக் கடைகளின் பெயரும், அவை இருந்த காலமும், அவற்றின் வழியே நூல்கள் எவ்வூரினின்று எவ்வூர்க்குச் சென்றன என்பதும் ஓரளவேனும் மீளக் கிடைக்கும். புதுமண்டப முகவரி அச்சான தலைப்புப் பக்கங்களையும் அவ்வாறே தொகுக்கலாம். குன்னத்தூர்ச் சத்திரத்திலும் அல்லிக்குளத்திலும் இன்று கடை நடத்துவோருள் தந்தையும் பாட்டனும் பழைய இடத்தில் இருந்தமையை நினைவு கூர்வோர் உளர். அவர் கூறுவதை எழுதிக்கொள்ளுதலும் இப்பணியின் பகுதியாம்.

அங்காடி எரிந்த இடத்திலுள்ள புறநகர் நிலையத்தை இரயில்வே கால அட்டவணை இன்றும் மூர் மார்க்கெட்டு வளாகம் என்றே குறிக்கின்றது. அரக்கோணத்திலிருந்து வரும் வண்டி நாள்தோறும் அங்கே போய் நிற்கின்றது.